வாய் திறந்து ‘ஆமாம்’ சொல்ல வேண்டும்

மார்ச் 9

அண்ணா,

என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அண்ணிக்குப் போன் செய்தால், “அவர் குளிக்கிறார்மா” என்கிறார். ஏழு வாரமாகவா ஒரு மனிதன் குளிப்பான்? அதனால்தான் கடிதம். தபால்காரரை நீ தடுக்க முடியாது.

உன் பக்கத்துக் கதையைச் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டாய். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, “ஏண்டி, கூடப் பொறந்தவனைப் பிளேன்ல நாலு பேர் முன்னாடி எழுப்பி விட்டியாமே, அவன் என்ன டிக்கெட் எடுக்காமலா வந்தான்?” என்று கேட்டார். என் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு, பரவாயில்லை.

அன்று பயணிகள் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் விமானப் பணிப்பெண்ணான பதினொரு வருடத்தில் ஒரு முறைகூட நீ என் விமானத்தில் ஏறியதில்லை. பன்னிரண்டாம் வரிசை, ஜன்னலோரம். அவசர வழி வரிசை. உன் ஆறடி இரண்டு அங்குலத்தைப் பார்த்துக் கவுண்டரில் இருந்த பெண், கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று கொடுத்திருக்கிறாள். அவர்கள் மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். பதினைந்து வயதுக்கு மேலா, மடியில் குழந்தை உண்டா, கர்ப்பிணியா, எங்கேயாவது கட்டுப் போட்டிருக்கிறதா, சொன்னால் புரிகிறதா. மீதியைப் பார்ப்பது எங்கள் தலையில்.

அந்த வரிசையில் உட்காருகிறவர்தான், ஆபத்து என்றால், இறக்கைக்கு மேலே இருக்கும் கதவைப் பெயர்த்து எடுத்து வெளியே வீச வேண்டும். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சிமெண்டு மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு கனம். உட்கார்ந்த வாக்கில் தூக்க வேண்டும், பின்னால் நூறு பேர் முட்டித் தள்ளும்போது. அதனால் ஒவ்வொருவரையும் நேரில் கேட்போம், உதவ முடியுமா, சம்மதமா என்று. தலையாட்டினால் போதாது. வாய் திறந்து ஆமாம் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் ஏன் என்று நாங்கள் கேட்கக் கூடாது. ஆமாம் என்று சொன்ன பிறகும் எங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இடம் மாற்றலாம். அதற்கும் காரணம் சொல்லக் கூடாது. “சார், உங்களுக்கு வேற இடம் தரேன்.” அவ்வளவுதான். யாருடைய மானமும் போகாது.

உன்னைக் கேட்டேன். நீ சிரித்தாய். பக்கத்தில் இருந்த உன் மேலாளரிடம், “என் தங்கச்சி சார். வீட்ல குள்ளின்னுதான் கூப்பிடுவோம். மேல பெட்டி வைக்கவே எட்டாது, என்னால கதவைத் தூக்க முடியுமான்னு கேக்கறா பாருங்க” என்றாய். நானும் சிரித்தேன். பிறகு நீ ஆமாம் என்றாய்.

மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நான் கையைப் பார்ப்பேன், அது என் பழக்கம். உன் வலது கை தொடைமேல் சும்மா கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. உனக்கே தெரியவில்லை.

“சார், உங்களுக்கு வேற இடம் தரேன்” என்றேன். சரியாகத்தான் ஆரம்பித்தேன். நீ “ஏன்?” என்றாய். வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பேன். நீ கேட்டதும் என் வாயில் ‘சார்’ வரவில்லை. “அண்ணா, உன் கை நடுங்குது” என்று சொல்லிவிட்டேன். மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். உன் மேலாளருக்குக் கட்டாயம் கேட்டது, ஏனென்றால் அவர் உடனே உன் கையைப் பார்த்தார்.

இடம் மாற்றியதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். காரணத்தை வாய்விட்டுச் சொன்னதற்குக் கேட்கிறேன். ஆயிரம் பேருக்குக் காட்டிய மரியாதையை உனக்குக் காட்டாமல் போய்விட்டேன்.

டாக்டரைப் பார். அதற்குப் பிறகு என்னோடு சண்டை போடு.

உன் தங்கை


மார்ச் 20

குள்ளி,

டாக்டரைப் பார்த்தாயிற்று. நானாகப் போகவில்லை. இழுத்துக்கொண்டு போனார்கள்.

விமானத்தில் என் கையைப் பார்த்த மேலாளர், திங்கள்கிழமை காலை நான் கிரேன் ஏணியில் கால் வைக்கப் போகும்போது கூப்பிட்டு அனுப்பினார். “ஒண்ணுமில்ல, சும்மா ஒரு மெடிக்கல்” என்றார். கம்பெனி டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். ஒரே வரியைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். முதல் வரி என் கையெழுத்து. பத்தாவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துப் போயிருந்தது. இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வைத்துப் பார், உனக்கே தெரியும். பார்கின்சன் என்றார். ஏதோ பிஸ்கட் கம்பெனி பெயர் மாதிரி இருக்கிறது. நாற்பத்தேழு வயதில் வருமா என்று கேட்டேன். வந்திருக்கிறதே என்றார்.

இருபத்திரண்டு வருடம் டவர் கிரேன் ஓட்டியவன் நான். முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, அந்தக் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால் எனக்கு மேலே யாரும் கிடையாது. என் கையில் இருக்கும் ரெண்டு லிவர் கைப்பிடிக்குக் கட்டடமே கட்டுப்படும். இரண்டு டன் கம்பிக்கட்டை ஒரு ஆள் கையை நீட்டி வாங்கிக்கொள்ளும் வேகத்தில் இறக்குவேன். இப்போது என்னை கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிற லாரி நம்பரை நோட்டில் எழுத வேண்டும். கையெழுத்துச் சிறுத்துப் போகிறவனுக்கு எழுத்து வேலை. எவன் யோசித்தானோ தெரியவில்லை, அவன் கையில் முத்தம் கொடுக்க வேண்டும்.

சைட்டில் நாங்கள் விசில் என்று கூப்பிடுகிறவன் தினமும் மதியம் கேட்டுக்கு வந்து என்னோடு சாப்பிடுகிறான். பதினாறு வருடம் கீழே நின்று எனக்குச் சிக்னல் கொடுத்தவன், வாக்கிடாக்கி வருவதற்கு முன்னால் வாயில் விசிலை வைத்துக்கொண்டே. புது ஆபரேட்டரோடு ஒத்துப் போகவில்லையாம். “அவன் பையப் பைய இறக்குன்னா தொப்புனு போடறான்ணே” என்றான். சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். என் கை சும்மா இருந்தால்தான் நடுங்கும். எதையாவது பிடித்தால் நின்றுவிடும். டாக்டரே ஒத்துக்கொண்டார், நோயின் லட்சணமே அதுதானாம். நீ என் கையைச் சும்மா இருக்கும்போது பார்த்தாய். லிவர்மேல் இருக்கும்போது பார்க்கவில்லை. அந்தக் கதவை நான் தூக்கியிருப்பேன். ஒரு கையால் தூக்கியிருப்பேன்.

அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தவன் யார்? அந்த வேலைக்கு உயரம் அளக்கிறார்கள், அரை அங்குலம் குறைகிறது என்று நீ அழுதபோது, ஒரு மாதம் தினமும் காலையில் கதவு நிலையில் உன்னைத் தொங்க விட்டு, கீழே நின்று உன் காலைப் பிடித்துக்கொண்டவன் யார்? அந்த அரை அங்குலத்தை வைத்துக்கொண்டுதான் நீ என் மூக்கை உடைத்தாய்.

இனிமேல் எழுதாதே.


ஏப்ரல் 6

அண்ணா,

எழுதாதே என்றாய். நான் எப்போது சொன்னதைக் கேட்டிருக்கிறேன்?

உன் கடிதத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

வேறு ஒன்று சொல்கிறேன். போன வாரம் அந்த வரிசையில் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், நல்ல திடகாத்திரம். நான் கேட்டதும், “இல்லம்மா, என்னால முடியாது. எனக்குப் பயம் வந்தா கையும் ஓடாது, காலும் ஓடாது. வேற யாரையாவது உக்கார வைங்க” என்றார். பக்கத்து ஆள் களுக்கென்று சிரித்தான். அவருக்குப் பின்னால் நடுவில் ஒரு இடம் கொடுத்தேன், இரண்டு பேருக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணா, பதினொரு வருடத்தில் முடியாது என்று சொன்னவர்கள் என் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்ற எல்லோரும் ஆமாம்தான். முட்டிவலிக்காரர் ஆமாம். காதில் மெஷின் மாட்டியவர் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஆமாம். யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்படி ஒரு நாள் வரவே வராது என்று நம்புகிறார்கள், கால் நீட்ட இடம் கிடைக்கிறது, சொல்லிவிடுகிறார்கள்.

நான் இப்போதெல்லாம் யாருடைய கையையும் பார்ப்பதில்லை. கேட்கிறேன், ஆமாம் என்கிறார்கள், நகர்ந்துவிடுகிறேன். நீ செய்த வேலை இது. அல்லது நான் செய்துகொண்டது.

ஒரே ஒரு வரி எழுது. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று மட்டும்.

குள்ளி


ஜூன் 2

குள்ளி,

மாத்திரை சாப்பிடுகிறேன். கேட்டது இந்த ஒரு வரிதான், கிடைத்துவிட்டது. மீதியை உட்கார்ந்து படி.

உன் அண்ணிக்குக்கூடத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்லப் போகிறேன். கேட் வேலையை விட்டுவிட்டேன். மூன்று வாரமாக மறுபடி கேபினில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு சின்ன காண்ட்ராக்டர், ஆறு மாடிக் கட்டடம், பழைய கிரேன். மெடிக்கல் கிடிக்கல் எதுவும் கிடையாது. “எத்தனை வருஷம் ஓட்டியிருக்கே?” என்று கேட்டார், சொன்னேன், சாவியைக் கொடுத்துவிட்டார். அண்ணி நான் கேட்டில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தினமும் தொப்பி எடுத்துக் கொடுக்கிறாள், வெயில் படாமல் இருக்க.

விசிலும் என்னோடு வந்துவிட்டான். பெரிய கம்பெனியை விட்டுவிட்டு வராதே என்று தலையால் அடித்துக்கொண்டேன். “உங்க கை எனக்குத் தெரியும்ணே, புதுசா ஒருத்தன் கையை இனிமே போய் யாரு கத்துக்கறது” என்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். மாத்திரை ஏழு மணிக்கு, பிறகு பதினொன்றுக்கு, பிறகு மூன்றுக்கு. நாலு மணி நேரம்தான் அதற்கு ஆயுசு. அது தீரும் நேரத்தில் கை நடுங்காது, அதுதான் வேடிக்கை. கட்டையாகிவிடும். பிடித்ததை விடாது. அதனால் பத்தேமுக்காலுக்கே விசில் வாக்கிடாக்கியில், “அண்ணே, டீ” என்பான். நான் இறங்கிவிடுவேன். மாத்திரையைப் போட்டு அரை மணி உட்கார்ந்துவிட்டு ஏறுவேன். சைட்டில் எல்லோரும் என்னை டீப் பைத்தியம் என்கிறார்கள்.

முதல் நாள் மேலே போய் உட்கார்ந்ததும் அழுதேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, தேம்பித் தேம்பி அழுதேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

நீ மன்னிப்புக் கேட்டிருந்தாய் அல்லவா? தருகிறேன். நாலு மாதம் உன்மேல் கோபமாக இருந்து எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் ஒரு தடவை வாயைத் திறந்தாய், என் பிழைப்பு போயிற்று. இந்தத் தடவை வாயை மூடிக்கொள். அண்ணியிடம், பெரியம்மாவிடம், காண்ட்ராக்டரிடம், யாரிடமும் மூச்சு விடாதே. மூடிக்கொண்டால் நான் உன் அண்ணன். திறந்தால் உனக்கு அண்ணன் கிடையாது. இதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

அண்ணன்


ஜூன் 11

அண்ணா,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாயிற்று. இதற்குள் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவது உனக்கில்லை, அந்தக் காண்ட்ராக்டருக்கு எழுதினேன். பயப்படாதே, போடவில்லை. உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தெருமுனைப் பெட்டி வரைக்கும் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் கத்தையாகக் கல்யாணப் பத்திரிகை போட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்டு முடிப்பதற்குள் எனக்கு மனசு மாறிவிட்டது. அந்தக் கத்தை இன்னும் சின்னதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நீ முன்பின் தெரியாத பயணியாக இருந்து, இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருந்தால், மறுபேச்சே கிடையாது. எழுந்து வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அண்ணா, எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அப்பா முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அவரைப் பற்றி யோசித்தால் உன் முகம்தான் வருகிறது. இந்த நாலு மாதம் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். ஊர் ஊராகப் பறந்துகொண்டு, எந்த ஊரிலும் இறங்கிப் பேச ஆளில்லாமல்.

சரி. வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆனால் விசில் டீ என்றால் நீ இறங்க வேண்டும். சத்தியம் செய்து கொடு. யார் கத்தினாலும், எந்த வேலை பாதியில் நின்றாலும், இறங்க வேண்டும்.

நான் செய்வது சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தே செய்கிறேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

குள்ளி


ஜூலை 19

குள்ளிக்கு,

நீ வந்து போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. மூன்று நாள் இருந்துவிட்டு உன் அண்ணியின் காதுக்குப் பழக்கம் பண்ணிவிட்டுப் போய்விட்டாய். இப்போது நான் பேசினால், “நீங்க பேசறது சுவாரசியமா இல்ல” என்கிறாள். எட்டாத அலமாரியில் இருந்த டப்பாவை எடுக்க நாற்காலிமேல் ஏறி, அதுவும் எட்டாமல் என்னைக் கூப்பிட்டாயே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

விசில் வீட்டில் நாம் இரண்டு பேரும் சாப்பிட்டோமே, அவன் மனைவிக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது. விமானம் மேலே இருக்கும்போது என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று அவன் உன்னைக் குடைந்தானே, இப்போது சைட்டில் அவன்தான் விமான நிபுணர். சித்தாள் பெண்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு பாடம் எடுக்கிறான்.

சத்தியம் கேட்டிருந்தாய். கொடுத்தேன். காப்பாற்றிக்கொண்டும் வருகிறேன். நாலு மாடி முடிந்துவிட்டது. ஐந்தாவதற்குக் கம்பி கட்டுகிறார்கள். கை நன்றாக இருக்கிறது. உண்மையாகவே நன்றாக இருக்கிறது, உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. இந்தக் கட்டடம் முடிந்ததும் விட்டுவிடுகிறேன். அண்ணியிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒன்றரை மாடிதான்.

நீ சொல்லாமல் இருந்தாய். அதை நான் மறக்க மாட்டேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 30

குள்ளி,

அண்ணி போனில் சொல்லியிருப்பாள், நான் கேபினில் இருந்தது இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. விசில் போய்விட்டான். இருபத்தோராம் தேதி காலை, பதினொன்று இருபதுக்கு. காற்று வீசியதில் கிரேனில் தொங்கிய காங்கிரீட் பக்கெட் அசைந்து இடித்து, ஐந்தாவது மாடியில் இருந்து விழுந்தான் என்று சொல்லியிருப்பாள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அன்று ஐந்தாவது மாடித் தளம் போட்டார்கள். காங்கிரீட் கலந்துவிட்டால் நிற்காது, உனக்குத் தெரியாது, போட்டுக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் தளத்தில் விரிசல் விழும். பத்தேமுக்காலுக்கு அவன், “அண்ணே, டீ” என்றான். கீழே லாரி இரண்டு நின்றன. காண்ட்ராக்டர் கத்திக்கொண்டிருந்தார். இன்னும் நாலு பக்கெட் என்றேன். பதினொன்றுக்கு மறுபடி கூப்பிட்டான். “அண்ணே, நேரம் தாண்டிடுச்சு, இறங்குங்கண்ணே.” இன்னும் இரண்டு என்றேன்.

கடைசிப் பக்கெட். இடது பக்கம் திருப்பிக் கொண்டுவந்தேன். அவன் தள ஓரத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். “போதும், நிறுத்துங்க” என்றான். கேட்டது. புரிந்தது. லிவரை விட்டால் போதும், தானாக நின்றுவிடும். என் கை விடவில்லை. நான் என் கையைப் பார்த்தேன், குள்ளி. வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்தேன். விடு என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். இடது கையால் அதைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் ஆகிவிட்டது. இரண்டு விநாடி இருக்கும். மூன்று இருக்காது.

முதலில் “நிறுத்துங்க” என்றான். இரண்டாவது தடவை “அண்ணே” என்று மட்டும்தான் சொன்னான்.

காண்ட்ராக்டர் காற்று என்றார். போலீஸ் காற்று என்று எழுதினார்கள். கேபினில் இருந்தவன் நீதானே, காற்று பலமா இருந்துச்சா என்று கேட்டார்கள். கேள்வி கேட்டவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

இதைவிடப் பெரியதைக் கேள். துக்க வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கை நடுங்கியது. அவள் அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சுற்றி இருந்தவர்களிடம், “அண்ணன் கையைப் பாருங்க, அவரை நெனைச்சு நெனைச்சு எப்படி நடுங்குது பாருங்க” என்று சொல்லி அழுதாள். எல்லோரும் என்னைப் பார்த்து அழுதார்கள். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் வாங்கிக் குடித்தேன்.

அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் என் கையைப் பார்த்து ஜனங்கள் பாவம் என்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். நீ ஏன் சொல்லவில்லை? விமானத்தில் நூறு பேர் முன்னால் சொல்லத் தெரிந்ததே. எவன் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று எழுப்பி விடத் தெரிந்ததே. ஜூன் மாதம் தபால் பெட்டி வரைக்கும் போனவள் ஏன் திரும்பினாய்? நான் வாயை மூடு என்றால் நீ மூடிவிடுவாயா? நான் எப்போது சொன்னதைக் கேட்டிருக்கிறேன் என்று எழுதினாயே.

அடுத்த வாரம் விசாரணை அதிகாரி ஒருவர் வருகிறாராம். பழைய கம்பெனியில் என் மெடிக்கலைப் பற்றி யாரும் விசாரிக்காதவரை ஒன்றும் ஆகாது என்று காண்ட்ராக்டர் சொல்கிறார். நான் உனக்கு எழுதிய கடிதங்களை எரித்துவிடு. நீ எழுதியதை நான் எரித்துவிட்டேன்.

அண்ணன்


செப்டம்பர் 4

அண்ணா,

உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு வந்தது ஆத்திரம்தான். கேட்க உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கடிதத்தைச் சுவரில் வீசினேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு நாளாக அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் இதுதான். நீ மறுபடி என்னோடு பேச வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை. உன் கை சரியாகிவிடும் என்று நான் ஒரு நாளும் நம்பவில்லை. விசில் கூப்பிட்டால் நீ இறங்குவாய் என்றுகூட முழுசாக நம்பவில்லை. எனக்கு அண்ணன் வேண்டியிருந்தது. ஜூலை மாதம் விசில் வீட்டில் உட்கார்ந்து, அவர் மனைவி, அந்த அம்மா, பரிமாறியதைச் சாப்பிட்டேன். விசில் என்னிடம் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார், நான் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னேன். அவர் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று அந்த மேஜையில் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரியாதவர் அந்த அம்மா ஒருவர்தான், அவர்தான் நமக்கெல்லாம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நீ இரண்டு விநாடி விடவில்லை. நான் இரண்டு மாதம் விடவில்லை.

பறக்கும் வேலையை விட்டுவிட்டேன். நேற்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்று, உங்களால் முடியுமா என்று இன்னொரு மனிதரைக் கேட்க என்னால் ஆகாது.

கடிதங்களை எரிக்கவில்லை. எரிக்கவும் போவதில்லை. எல்லாம் என் கைப்பையில் இருக்கின்றன, ஜூன் மாதக் கடிதமும் சேர்த்து. அதிகாரியிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும். உன்னுடையதையும் சொல்வேன், என்னுடையதையும் சொல்வேன். அவர் உன் கையைப் பிடித்து அழுதாரே. அந்த அழுகையை அவரிடமிருந்து நாம் ஏமாற்றி வாங்கியிருக்கிறோம்.

உன்னை உள்ளே வைக்கலாம். அண்ணி என் முகத்தில் விழிக்க மாட்டார். பெரியம்மா மறுபடி எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லுவார், இந்தத் தடவை நான் அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள். நீ என்ன செய்வாய் என்று தெரியும். ஜூன் மாதமே எழுதிவிட்டாய், திறந்தால் அண்ணன் கிடையாது என்று. அதற்குப் பயந்துதான் அப்போது மூடினேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. நீ இல்லாமல் நான் எப்படி இருக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா. நிஜமாகவே தெரியவில்லை.

ஜூலையில் உன்னோடு வந்த வழி நினைவில்லை, அதனால் துக்கம் கேட்கப் போவதாகச் சொல்லி அண்ணியிடம் அவர்கள் வீட்டு விலாசத்தை வாங்கியிருக்கிறேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். நீ வந்தால் இரண்டு பேருமாகச் சொல்லலாம். வராவிட்டால் நான் மட்டும் சொல்கிறேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் வாம்மா என்று கூப்பிட்டு உட்காரச் சொல்லுவார். உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

தங்கை